ஜாங்கிரி பறித்த காகம்

மலைக்கோயில் படிக்கட்டு ஓரத்து மருதமரத்தில் செம்பன் என்றொரு கிழக்குரங்கு இருந்தது. அதே மரத்தின் உச்சியில் நீலி என்ற காகம் கூடு கட்டியிருந்தது. ஒரு கோடையில் பாம்பொன்று குஞ்சுகளைத் தேடி மேலே ஏறியபோது, செம்பன் அதன் வாலைப் பிடித்து இழுத்துக் கீழே எறிந்தது. அன்றிலிருந்து நீலிக்குச் செம்பன் என்றால் உயிர்.

செம்பனுக்கு உயிர் ஜாங்கிரி.

பல் ஆடத் தொடங்கியதும் அது இலைதழையை விட்டது. மரம் ஏறுவதையும் விட்டது. மகள் மயிலிக்கு அப்பன்மேல் கொள்ளைப் பிரியம். "அப்பாவுக்கு மெத்துன்னு இருக்கறதுதான் நல்லது" என்று கோயில் கடைவாசலில் ஜாங்கிரியும் பஜ்ஜியும் பறித்து வந்து கொடுக்கும். செம்பன் அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு பொழுதெல்லாம் சப்பும்.

வயிறு தொங்கியது. முழங்கால் வீங்கியது. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. செம்பன் பிறந்த அதே மழைக்காலத்தில் பிறந்த பூவாயிக் குரங்கோ நாவல் மரத்தில் இன்னும் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாக் குரங்குகளும் மருதமரத்திலிருந்து ஓடைக்கு அப்பாலுள்ள அத்திமரத்துக்குத் தாவிவிடும். மழையில் கோயிலுக்கு ஆள் வராது; இந்தக் கரைக்குச் சிறுத்தை வரும். தாவ முடியாமல் தங்கிய குரங்கை அடுத்த கோடையில் யாரும் பார்த்ததில்லை.

ஆனி மாதம் ஒருநாள் நீலி கேட்டது: "இந்த வருஷம் எப்படித் தாவப் போறே?"

"தாவுற வயசா இது? நடக்கறபடி நடக்கட்டும்."

"பூவாயிக்கும் உன் வயசுதான்."

"அவ உடம்பு வாகு அப்படி."

"கொஞ்சம் வாகு. மீதி அவ திங்கிற பழமும் கொழுந்தும். உன் வயசை என்னால குறைக்க முடியாது, செம்பா. ஆனா உன் உடம்பு வயசை முந்திக்கிட்டு ஓடுதே, அதைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தலாம். ஜாங்கிரியை விடு."

"போற காலத்துல வாயைக் கட்டச் சொல்றியா? போடி." செம்பன் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

சொல்லிப் பயனில்லை என்று நீலிக்குப் புரிந்தது. மறுநாளே திருட்டில் இறங்கியது.

மயிலி ஜாங்கிரியோ பஜ்ஜியோ நீட்டும். செம்பன் வாங்கும். கன்னத்துக்குள் போய்விட்டால் அப்புறம் காகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கைக்கும் வாய்க்கும் நடுவிலேயே நீலி பாய்ந்து கொத்திக்கொண்டு போய் ஓடையில் போட்டுவிடும். ஒன்றிரண்டை அது தின்றும் இருக்கலாம், காகம்தானே.

"நன்றிகெட்ட கழுதை! உன் குஞ்சுகளைப் பாம்புக்கே விட்டிருக்கணும்" என்று செம்பன் கத்தியது.

மயிலி கல்லெடுத்து எறிந்தது. ஒரு கல் இறக்கையில் பட்டு, நீலி சில நாள் ஒருபக்கம் சாய்ந்தே பறந்தது. அப்போதும் அது விடவில்லை.

பசி பொறுக்காமல் செம்பன் முனகிக்கொண்டே நாவல் மரத்தில் ஏறியது. முதல் நாள் பாதி மரம்கூட ஏற முடியவில்லை. கனிந்த பழம் ஆடுகிற பல்லுக்கும் இதமாகத்தான் இருந்தது. பூவாயி நகர்ந்து இடம் கொடுத்தது. பழம் தீர்ந்ததும் கொழுந்து, அப்புறம் பிஞ்சுக்காய் என்று ஆவணியும் புரட்டாசியும் போயின. நரைத்த மயிர் நரைத்தபடியேதான் இருந்தது. ஆனால் தொப்பை வற்றியது, முழங்கால் வீக்கம் இறங்கியது. செம்பன் அதைக் கவனிக்கவே இல்லை. காகத்தைத் திட்டவே அதற்கு நேரம் போதவில்லை.

ஐப்பசி வந்தது. மழை கொட்டி ஓடை புரண்டது. குரங்குகள் ஒவ்வொன்றாகத் தாவின. மயிலி மட்டும் அப்பனைக் கட்டிக்கொண்டு அழுதது.

"நீ போம்மா. நானும் முயற்சி பண்ணிப் பார்க்கறேன்" என்றது செம்பன்.

மயிலி தாவி அக்கரையில் நின்றது. செம்பன் கிளை நுனிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. அத்திக்கிளை இரண்டு கைக்கும் வாகாகக் கிடைத்தது!

மூச்சு வாங்கவில்லை. செம்பன் முழங்காலைத் தடவிப் பார்த்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தது. அப்போதுதான் அதற்கு எல்லாம் விளங்கியது.

"நீலி, இங்கே வா" என்று பின்னாலேயே பறந்து வந்த காகத்தைக் கூப்பிட்டது. "உன்னைத் திட்டாத நாளே இல்லை. எனக்காகக் கல்லடி வேற பட்டே. எப்படித் தாயி பொறுத்துக்கிட்டே?"

"காக்காய்க்குத் திட்டு புதுசா? என் குஞ்சுங்க பறக்கறதைப் பார்க்கறப்பல்லாம் உன்னைத்தான் நினைப்பேன். உன்னைச் சிறுத்தைக்குக் கொடுத்துட்டு நான் எப்படி இருப்பேன்?"

மயிலி தலையைக் குனிந்துகொண்டு நீலியின் நனைந்த இறக்கையைக் கோதிவிட்டது. செம்பன் கனிந்த அத்திப்பழம் ஒன்றைப் பிளந்து, பெரிய பாதியை நீலிக்கு நீட்டியது.

வயது கூடுவதை யாராலும் தடுக்க முடியாது, ஆனால் அறிந்து உண்டால் உடம்பு வயதை முந்தி ஓடாமல் பார்த்துக்கொள்ளலாம். முதுமையில் நம் கையைத் தட்டிவிட்டு அதை நினைவூட்டுகிறவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும்.