மேட்டுல வெட்டின குழி

பெரிய ஏரிக்குக் கீழ ஒரு குட்டை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கரை, கரைக்கு அடியில ஒரு மடை. ஏரித் தண்ணி அந்த மடை வழியா குட்டைக்கு வரும். தண்ணியோட சேந்து வாளை மீனும் வரும். வாளை வந்தா சும்மா போகுமா? குட்டையில இருக்கிற குஞ்சு குளுவானையெல்லாம் வழிச்சுத் தின்னுட்டுத்தான் போகும்.

அந்தக் குட்டையில வெள்ளச்சின்னு ஒரு கெண்டை இருந்துச்சு. போன வருஷம் பொரிச்ச குஞ்சுல அதுக்கு ஒண்ணுகூட மிஞ்சல. அதனால, "மடையை அடைச்சிருவோம்"னு தவளைங்க கிளப்பிவிட்டப்போ மொத ஆளா வாலை ஆட்டினது வெள்ளச்சிதான். அதைக் குத்தம் சொல்ல முடியாது. பெத்ததைப் பறிகொடுத்தவ வேற என்ன செய்வா?

குட்டையில ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் போட்டா எந்தப் பக்கம் சத்தம் பெருசோ அந்தப் பக்கம்தான் முடிவு. மீனுக்கு ஏது சத்தம்? வாயைத் தொறந்தா குமிழிதான் வரும். அதனால ஒவ்வொரு மீனும் தன் பேச்சை ஒரு தவளை காதுல சொல்லும். தவளை அதை ஊரு கேக்குற மாதிரி கத்தும். வெள்ளச்சிக்காகக் கத்துறது டமாரம். வயித்தைவிட அதுக்குக் கழுத்துப் பை பெருசு. அது ஒரு தடவை "க்ர்ர்ராக்"னா, கரையில மேயுற எருமை புல்லை விட்டுட்டு நிமிந்து பாக்கும்.

மடையை அடைக்கிறதுன்னு முடிவாச்சு. பங்குனிப் பௌர்ணமிக்குள்ள ஏரிக்காரங்களோட, அதான் வாளைக் கூட்டத்தோட, ஒரு பேச்சுக்கு வந்துட்டு, அப்புறம் சேறு வச்சுப் பூசிறணும். பேசிட்டு வர நிதானம்ங்கிற ஆமையை அனுப்புச்சுங்க. அது கரையேறிப் போயி, கரையிறங்கி வர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு எதுக்கு அனுப்பினோம்ங்கிறதே மறந்துபோச்சு.

"அவங்க... என்ன சொல்றாங்கன்னா..." நிதானம் கழுத்தை நீட்டுச்சு. "வாளைக்கு வழி விட்டா... தண்ணி உண்டு. நாம சேத்துல அடைச்சா... அவங்க அந்தப் பக்கம் கல்லைத் தள்ளிருவாங்க. தள்ளின கல்லை... நம்மால நகத்த முடியாது."

"அப்ப கோடைக்குத் தண்ணி?" யாரோ கேட்டாங்க.

"அதைத்தான்... நானும் யோசிச்சுட்டே வந்தேன்."

"இதெல்லாம் மெரட்டல்," டமாரம் சொல்லுச்சு. "நம்மள விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா? கடைசி நாள்ல பாரு, 'டமாரத்தண்ணே, டமாரத்தண்ணே'ன்னு மடையில வந்து நிப்பாங்க."

"பேச்சு முறிஞ்சா என்ன பண்றதுன்னு ஒரு ஏற்பாடு வேணும்ல?" ஒரு கிழட்டு விரால் தன் தவளை மூலமாக் கேட்டுச்சு.

"ஏற்பாடு இருக்கு," நிதானம் சொல்லுச்சு.

"எங்க?"

"ஓட்டுக்குள்ள."

"காட்டுங்களேன்."

"காட்டினா... பயந்துருவீங்க."

அவ்வளவுதான், பத்திக்கிச்சு. ஒளிச்சு வச்சிருக்கிறதை வெளிய சொல்லுன்னு ஒரு கூட்டம். சொன்னா குட்டையே கலங்கிரும், சொல்லாதன்னு இன்னொரு கூட்டம். ஆமையைக் கவுத்துப்போட்டு உலுக்கணும்னு மூணாவது கூட்டம். நிதானம் தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கிச்சு. உள்ள ஏற்பாடு இருந்துச்சோ, வெறும் ஆமைதான் இருந்துச்சோ, யாரு கண்டா?

கடைசியில குழிக்கு வந்து நின்னுச்சு பேச்சு. தண்ணி வத்தினா ஒதுங்க ஒரு ஆழமான குழி வெட்டலாமா, வேணாமா?

"வெட்டுங்கிறவன் கோழை!" பாதித் தவளைங்க கத்துச்சுங்க.

"வெட்டாதங்கிறவன் மடையன்!" மீதித் தவளைங்க கத்துச்சுங்க.

விடிஞ்சா இதே பேச்சு. தாமரை இலையில ஒரு கட்சி, கோரைப்புல்லுல ஒரு கட்சி. அண்ணன் தம்பியே மூஞ்சி குடுத்துப் பேசிக்கல. வெள்ளச்சி அப்ப வயிறு நிறைய முட்டையோட இருந்துச்சு. அது மெல்ல டமாரத்துக்கிட்ட நீந்திப் போச்சு.

"அண்ணே, எனக்காக ஒண்ணு கத்துவீங்களா?"

"சொல்லு தங்கச்சி. நீ கேட்டு நான் கத்தாம இருந்திருக்கேனா?"

"குழி வெட்டணும்ணே. ஆனா நடுக்குட்டையில வெட்டணும். தண்ணி வத்த வத்த நாங்க அங்கதான் ஒதுங்குவோம். அங்க ஆழம் இருந்தாத்தான் எங்க உசுரு நிக்கும்."

"அவ்வளவுதானே? பாத்துக்கிட்டே இரு."

டமாரம் தாமரை இலையில ஏறி, பையை ஊதி, ஒரே கத்து. "குழி வேணும்! குழி வேணும்! கெண்டைங்க கேக்குது, குழி வேணும்!"

எங்கங்கிறது அந்தச் சத்தத்துல காணாமப் போச்சு. வெள்ளச்சி தண்ணிக்கடியிலேருந்து, "நடுவுலண்ணே, நடுவுல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மேல குமிழிதான் வந்துச்சு. டமாரத்துக்கு ஊரே கை தட்டிக்கிட்டு இருந்துச்சு, அது எதுக்குக் குனிஞ்சு குமிழியப் பாக்கப்போகுது?

குழிக் கட்சி ஜெயிச்சிருச்சு. வெட்டுறதுக்குக் கொடுக்கன்ங்கிற நண்டைக் கூப்பிட்டாங்க.

"எங்க வெட்டணும்?" கொடுக்கன் கேட்டுச்சு.

டமாரம் கண்ணை உருட்டி யோசிச்சுது. "கரையோரமா, மேட்டுல வெட்டு. ஏரிக்காரங்க எட்டிப் பாத்தா பளிச்சுன்னு தெரியணும். 'அடேங்கப்பா, இவங்க எதுக்கும் தயாரா இருக்காங்கடா'ன்னு நடுங்கணும். நடுவுல தண்ணிக்கடியில வெட்டினா யாருக்குத் தெரியும்?"

"மேட்டுல தண்ணி நிக்காதே?"

"உன்னை வெட்டத்தானே கூப்பிட்டோம், கொடுக்கா?"

கொடுக்கன் வெட்டுச்சு. நல்லாத்தான் வெட்டுச்சு, பாவம். நிதானம் வந்து சுத்திப் பாத்துட்டு, "ஏற்பாடு... பிரமாதம்"னு சொல்லிட்டுப் போச்சு. ஏரிப் பக்கத்திலேருந்து ஒரு வாளை தலையைத் தூக்கிப் பாத்துச்சு. குழியைப் பாத்து நடுங்கினதாத் தெரியல. திரும்பிப் போயி கல்லைத் தள்ள ஆரம்பிச்சுது.

பௌர்ணமி வந்துச்சு, பேச்சு முறிஞ்சுது. இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் கல்லு. குட்டையில ஒரே கொண்டாட்டம். அந்த வாரமே வெள்ளச்சி பொரிச்சுது. வாளை இல்லாத தண்ணியில குஞ்சுங்க வெயில் பட்டுப் பட்டு மின்னிக்கிட்டு ஓடுச்சுங்க. வெள்ளச்சி அதுங்களை எண்ணவே இல்ல. எண்ண அவசியமில்லாம இருந்தது வாழ்க்கையில அதுக்கு அதுதான் மொத தடவை.

அப்புறம் கத்திரி வந்துச்சு.

கோரை மொதல்ல காஞ்சுது. தாமரை இலை சேத்துல படுத்துக்கிச்சு. தண்ணி மேட்டை விட்டு எறங்கி, எறங்கி, நடுவுல ஒரு தட்டு மாதிரி சுருங்கிப்போச்சு. கொடுக்கன் வெட்டின குழி எங்கயோ மேல, வாயைப் பொளந்துக்கிட்டு, தூசியோட கெடந்துச்சு.

தவளைங்க ஒவ்வொண்ணாக் கரையேறுச்சுங்க. டமாரமும் மூட்டையக் கட்டிருச்சு.

"அண்ணே, போறீங்களா?" வெள்ளச்சி கேட்டுச்சு. முதுகு வெயில்ல தெரியிற அளவுக்குத்தான் தண்ணி.

"சும்மா ஏரிப் பக்கம் போயி ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன் தங்கச்சி. கவலைப்படாத. அதான் குழி இருக்கே."

"குழி மேட்டுல இருக்குண்ணே. எனக்குக் காலு இல்ல."

டமாரம் அப்பத்தான் மொத தடவையா அந்தக் குழியையும் வெள்ளச்சியையும் மாறி மாறிப் பாத்துச்சு. ரெண்டு தாவு தாவி கரைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. நிதானம் அதுக்கும் முன்னாடியே கெளம்பியிருச்சு. வாழ்க்கையில அது வேகமா நடந்தது அன்னைக்குத்தான்.

கொடுக்கன் மட்டும் போகல. நடுவுல எறங்கி வெட்ட ஆரம்பிச்சுது. மிஞ்சின தண்ணிக்கு ஓரத்துல சேறு செங்கல்லா இறுகிக் கெடந்துச்சு. ஒரு கொடுக்கு ஒடிஞ்சுது. மிச்ச கொடுக்கால தோண்டுச்சு. சாயங்காலத்துல அடியிலேருந்து ஈரம் கசிஞ்சு, உள்ளங்கை அளவு தண்ணி ஊறுச்சு.

"வெள்ளச்சி, இவ்வளவுதான் முடிஞ்சுது. நீ உள்ள போனா குஞ்சுக்கு இடம் இருக்காது. குஞ்சு போனா..."

"புரியுது மாமா."

வெள்ளச்சி வாலால குஞ்சுங்களைத் தள்ளுச்சு. குழியில கொஞ்சந்தான் கொண்டுச்சு. மிச்சத்தைத் தன் வயித்துக்கு அடியில இருந்த ஈரத்துல அணைச்சுக்கிச்சு. அந்தக் குஞ்சுங்களை அது அன்னைக்குத்தான் எண்ணுச்சு. காலையில வெயில் ஏறுனப்ப அது வாய் தொறந்து தொறந்து மூடுச்சு. குமிழிகூட வரல.

ஆடியில மழை கொட்டுச்சு. குட்டை ரொம்புச்சு. டமாரம் கரை தாண்டித் திரும்பி வந்துச்சு, முன்னைவிடக் கொழுத்து. புதுத் தாமரை இலையில ஏறி உக்காந்துக்கிட்டு, பையை ஊதுச்சு.

"பாத்தீங்களா? குழி வெட்டினதால குஞ்சுங்க பொழைச்சுது. குழி வேணும்னு மொதல்ல கத்தினது யாரு? நான்தான்!"

ஊரு கை தட்டுச்சு. ஒத்தக் கொடுக்கோட கொடுக்கன் ஓரமா உக்காந்திருந்துச்சு. தண்ணிக்கடியில வெள்ளச்சியோட குஞ்சுங்க ஏதோ சொல்லுச்சுங்க. மேல வந்தது குமிழிதான்.

தண்ணி வத்தினா சாகப்போறது யாரோ, குழி எங்கங்கிறதை அவங்களே சொல்லணும். எழுந்து போகக் காலு இருக்கிறவங்க வாயில அந்தப் பேச்சை விட்டா, குழி இருக்கும், உசுரு இருக்காது.