பூதத்தானின் நீலச் சட்டை

சர்க்கரை நோயாளி பூதத்தானுக்கு மூன்று மச்சான்மார்: கோமதி, இசக்கி, சுடலை. மூவரும் பெரிய அறிவாளிகள் என்று தாமிரபரணிக் கரையில் பெயர் இருந்தது. அதற்கான காரணம் இக்கதையைச் சொல்லும் எவரிடமும் கிடைக்கவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதித் தந்து நிதானமாகச் சொன்னார்: "இது கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்ன போடுங்க. போட்டப்புறம் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை சரசரன்னு இறங்கிரும், உயிருக்கே ஆபத்து. வேர்த்து நடுங்கினா உடனே மிட்டாய் தின்னுங்க. மிட்டாய் எந்நேரமும் சட்டைப்பையில இருக்கணும்."

பூதத்தான் ஆயுள் முழுதும் துண்டு மட்டுமே போர்த்தியவர். ஆகவே மச்சான்மார் மருந்துக்கடையில் மாத்திரையும் ஜவுளிக்கடையில் சட்டையும் வாங்கினர். இரண்டையும் வைத்தியம் என்றே கொண்டனர். பை நிறைய மிட்டாய் நிரப்பினர். அது கருப்பட்டி மிட்டாய் என்பர் சிலர். எலுமிச்சை மிட்டாய் என்பர் சிலர். சட்டை நீலம் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

அந்த வாரம் ஒரு கல்யாணம். இலை போடுவதைக் கண்டதுமே பூதத்தான் மாத்திரையை விழுங்கிவிட்டார். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களோ பாயசத்துக்கு மேல் பாயசம் கேட்டு, எழுவதாக இல்லை.

பூதத்தானுக்கு வேர்த்தது, கை நடுங்கியது, கண் இருட்டியது. போட்டிருந்த நீலச் சட்டையின் பைக்குள் கை விட்டார். கோமதி பிடித்துக்கொண்டான்.

"அத்தான், என்ன காரியம் பண்ணுதீக? எடுத்தா பை காலியாயிருமே! எந்நேரமும் இருக்கணும்னுல்லா சொன்னாரு?"

"திங்கவும் சொன்னாருல்லா?" என்றான் இசக்கி.

"திங்கச் சொன்னாரு. எடுக்கச் சொன்னாராலே?"

"ஏலே பாவிகளா, உசிரு போவுதுலே..." என்று முனகினார் பூதத்தான்.

"போவாது அத்தான், பேசி முடிச்சிருதோம்."

சுடலை கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னான்: "ரெண்டுமே டாக்டர் வாக்கு. மிட்டாய் பையிலயே இருக்கட்டும். அத்தான் அங்கனயே வச்சுத் தின்னட்டும்."

சட்டையைத் தூக்கி, பையை அப்படியே அவர் வாயில் திணித்தனர். பூதத்தான் துணியோடு சேர்த்துக் கடித்து நொறுக்கினார். மிட்டாய் முழுவதும், சட்டையில் கணிசமான பகுதியும் உள்ளே போயின. தெளிந்து எழுந்தவர் இரண்டாம் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார்.

மறுநாள் நால்வரும் டாக்டரிடம் போயினர். பூதத்தான் பழையபடி துண்டோடு நின்றார்.

"நாக்கு ஏன்யா நீலமா இருக்கு?" டாக்டர் பதறிவிட்டார்.

"மருந்து வேலை செஞ்சிருக்குய்யா," என்றான் கோமதி.

"சரி, மாத்திரை தீர்ந்துபோச்சா?"

"மாத்திரை கெடக்குய்யா, ஒரு மாசத்துக்கு வரும்," என்றான் சுடலை. "சட்டைதான் ஒரே வேளையில தீர்ந்துபோச்சு. இனிமே வேளைக்கு ஒண்ணா எழுதிக் குடுங்க."