கேப்டன் வியாகப்பன் பார்த்த வானிலை

வியாகப்பனின் தொப்பியில் தங்க நிறத்தில் இரண்டு சிறகுகள் இருந்தன. அவர் சொன்ன பொய்களில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளம். ஆனி மாதத்து மதியம். ஓலைக் கொட்டகைக்குள் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அளத்தின் மேற்பார்வையாளர் தவசிமுத்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மகள் சண்முகக்கனி, மடியில் ஒரு படிவத்தோடு.

விமானம் ஓட்டப் படிக்கக் கனிக்கு இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று மலைமேல் இருக்கும் தேவன்மேட்டில். மற்றொன்று நிழலுக்குக்கூட மரம் தேட வேண்டிய செம்மண்பேட்டையில். எந்தப் பள்ளி என்று எழுதி, அப்பாவின் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இரண்டு இடமும் போய்விடும். கனிக்குச் செம்மண்பேட்டைதான் பிடித்திருந்தது. ஆனால் கையெழுத்து அப்பாவுடையது. அப்பாவோ, "நம்ம ஊர்ல விமானம் ஓட்டுன ஒரே ஆளு கேப்டன்தான். அவரை ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று போய்க் கூட்டி வந்துவிட்டார்.

சாப்பாட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சந்தனமாரியும் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக இந்த அளத்தில் உப்பு வாருகிறவள். காலையில் பாத்தியை ஒரு பார்வை பார்த்தால் மதியம் என்ன காற்று வரும் என்று சொல்லிவிடுவாள்.

"மாமா, பயிற்சி முடிக்க இருநூறு மணி நேரம் பறக்கணும்" என்றாள் கனி. "பனி, மழை, பெரிய காத்துன்னா பறக்க விடமாட்டாங்க. அதனால எந்த ஊர்ல வானிலை நல்லாருக்கோ அங்க சேரலாம்னு பாக்கேன்."

வியாகப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்ல வானிலையா? நல்ல வானிலைல கொசுகூடப் பறக்கும் தாயி. கெட்ட வானிலைல பறக்குதவன்தான் கேப்டன். நான் முதமுதல்ல கத்துக்கிட்டது ஒரு கடற்கரை ஊரு. அங்க காத்துன்னா உங்க அளத்துக் காத்து மாதிரி இல்ல. எதுத்தாப்புல வந்துச்சுன்னா மனுசன் சாஞ்சு நிக்கலாம், சுவரு வேண்டாம். நான் விமானத்தை மேல ஏத்துனேன். முழு வேகம். கீழ பாத்தா அதே பனைமரம். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாக்கேன், அதே பனைமரம். அதுல ஏறிக்கிட்டிருந்த ஆளு பதனி இறக்கிக்கிட்டு, எனக்கும் ஒரு குவளை நீட்டுதான்."

"குடிச்சீங்களா?" என்றார் தவசிமுத்து.

"குடிச்சுட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். நமக்கு மரியாதை முக்கியம்லா."

"அவ்வளவு நேரம் பெட்ரோலு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் சந்தனமாரி.

"காத்து சும்மா இருக்குமா? முன்னாடி இருக்க விசிறியை அது திருப்பிச் சுத்த, டேங்க் நிரம்பி வழிஞ்சுது. கடைசில காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு பாரு, பின்னாலயே போயிப் பக்கத்து மாவட்டத்துல இறங்குனேன்."

தவசிமுத்து கனியின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு அனுபவம் பாத்தியா?" என்று முணுமுணுத்தார். கனி கைப்பேசியில் மணி பார்த்தாள். இரண்டேமுக்கால்.

"இப்ப உன் செம்மண்பேட்டைக்கு வருவோம்" என்றார் வியாகப்பன். "அந்தச் சூட்டை நான் அனுபவிச்சவன். சூடான காத்து மேல போகும்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுக்காங்கள்லா? ஒரு சித்திரை மாசம் மத்தியானம் ஏறுனவன், இறங்க முடியல. மூக்கைக் கீழ அமுக்குதேன், விமானம் மேல போகுது. எஞ்சினை அணைச்சுட்டேன், அப்பவும் மேல போகுது. மூணு நாள்! றெக்கையில மாவை ஊத்தித் தோசை சுட்டுச் சாப்பிட்டேன்."

"மாவு?"

"வானத்துல போறவன் மாவில்லாமலா போவான்? குறுக்க குறுக்கப் பேசாத சந்தனமாரி. கடைசில ரேடியோல கீழ சொன்னேன். ஊர்ல இருக்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல ஃபிரிட்ஜைத் திறந்து வையுங்கன்னு. திறந்தாங்க. காத்து குளுந்துச்சு. இலை விழுத மாதிரி வந்து இறங்குனேன்."

"ஒரே நேரத்துல எல்லா வீட்டுலயும் கரண்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மத்ததெல்லாம் நம்பிட்டேன். இதைத்தான் நம்ப முடியல" என்றாள் சந்தனமாரி.

தவசிமுத்து சிரிக்கவில்லை. மூன்று நாள் இறங்க முடியாமல் மகள் வானத்தில் தொங்குவதை அவர் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "செம்மண்பேட்டை வேண்டாம் கனி" என்றார்.

"அப்பா!"

"அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி. தேவன்மேடுதான். நான் படிச்ச பள்ளி." வியாகப்பன் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். தேவன்மேட்டில் படித்ததாகப் பத்து வருஷமாக ஊரில் சொல்லி வருகிறவர் அவர். உப்பளத்துப் பெண் ஒருத்தி வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அது தனக்குக் கௌரவக் குறைவு என்று நினைத்தார்.

கனி பையிலிருந்து ஒரு காகிதத்தையும் ஒரு புத்தகத்தையும் எடுத்தாள். "ரெண்டு பள்ளிக்கும் ஒரே கேள்வி எழுதிக் கேட்டேன் மாமா. போன வருஷம் வானிலை சரியில்லாம எத்தனை நாள் பறக்கலன்னு. செம்மண்பேட்டைக்காரங்க நாப்பத்தொரு நாள்னு எழுதியிருக்காங்க. தேவன்மேட்டுக்காரங்க இந்தப் புத்தகத்தை அனுப்பியிருக்காங்க. இதுல அந்தக் கணக்கு எங்கயும் இல்ல."

வழவழப்பான தாளில் இருபத்துநான்கு பக்கம். அட்டையில் விமானம் ஒன்று நிற்பதாகக் கீழே எழுதியிருந்தது. படத்தில் தெரிந்தது பனி மட்டும்தான்.

"ஆகா! இதே பனிதான்!" வியாகப்பன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, இந்தப் பனியோட கெட்டி உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பறந்துக்கிட்டே இருக்கேன், பசி வந்துருச்சு. விமானத்தைப் பனிமேலயே நிறுத்திட்டு இறங்கி, சப்பணம் போட்டு உக்காந்து சாப்பிட்டேன். சட்டையைக் கழத்தி மாட்டணும். பனில ஆணி அடிச்சேன். அப்புறம் நீங்க உப்பு வாருத மாதிரியே பனியை வாரிக் குவிச்சு ஓடுபாதை போட்டு மறுபடி கிளம்பினேன். தூக்குவாளியை மறந்துட்டேன். பத்து மணிக்கு வெயில் வந்துச்சு. வாளி நேரா பள்ளி முதல்வர் தலைல விழுந்துச்சு."

"எத்தனை குவியல் வாரினீங்க கேப்டன்?"

"நூத்தி இருபது."

"ஒத்தை ஆளா? நாளைலருந்து இங்க வந்துருங்க. வேலைக்கு ரெண்டு பேர் வரல" என்றாள் சந்தனமாரி.

வியாகப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. "அதை விடுங்க. மார்கழில ஒரு நாள் காலைல விமானத்தோட நிழல் தரையில உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. நான் கவனிக்காம ஏறிட்டேன். நிழல் இல்லாததால விமானம் பஞ்சு மாதிரி போகுது. வேற ஊர்ல இறங்கலாம்னு பாத்தா, 'நிழலில்லாத விமானத்தை இறங்க விடமாட்டோம், சட்டத்துல இடமில்ல' அப்படிங்காங்க. திரும்பி வந்து, கடப்பாறை போட்டு நிழலை நெம்பி எடுத்தேன். இப்பவும் எங்க வீட்டு வாசல்ல அதைத்தான் பந்தலாக் கட்டியிருக்கேன்."

"அது தார்ப்பாய். ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு" என்றாள் சந்தனமாரி.

"றெக்கை இருந்த இடம்."

கனி பேனாவை எடுத்தாள். "மாமா, தேவன்மேட்டுல வருஷத்துக்கு எத்தனை நாள் அந்தப் பனி?"

"முந்நூறு நாளுக்குக் குறையாது!" அவர் பெருமையோடு சொன்னார்.

"மீதி?"

"அறுபத்தஞ்சு நாளும் மழை. நிக்கவே நிக்காது."

கனி காகிதத்தில் கழித்துப் பார்த்தாள். அப்பாவிடம் நீட்டினாள். விடை பூஜ்யம்.

"அப்ப எந்த நாள்ல பறந்தீங்க?" என்று தவசிமுத்து முதல் தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்து கேட்டார்.

"அதுதான அண்ணாச்சி தேவன்மேட்டோட விசேஷம்! பறக்காமலே பறக்கச் சொல்லிக் கொடுப்பாங்க."

வெளியே பாத்தி நீரைத் தடவிக்கொண்டு கச்சான் வந்தது. இந்தப் பக்கத்தில் உப்பு விளையவைக்கும் மேற்குக் காற்று அது. தூணில் தொங்கிய நாள்காட்டியின் தாள் படபடத்தது.

தவசிமுத்து தலையைச் சொறிந்தார். "கணக்கு இடிக்கத்தான் செய்யுது. ஆனா அந்தச் செம்மண்பேட்டைச் சூடு…"

மணி மூன்றரை. தவசிமுத்து தயங்குவதைக் கண்ட வியாகப்பனுக்கு, இத்தோடு நிறுத்தினால் போதும் என்று தோன்றவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன அண்ணாச்சி, நான் சொல்லுத வார்த்தையில சந்தேகமா? உங்க அளத்தைக் காப்பாத்துனவன்கிட்டயேவா? போன வருஷம் ஆடி பதினெட்டு. மறந்துட்டீங்க. கடல்லருந்து ஒரு மேகம் வந்துச்சு, திருச்செந்தூர் வரைக்கும் நீளம். மழைன்னா மழை, சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி இல்ல. தண்ணிக்குள்ள மீன் போற மாதிரி அந்த மழைக்குள்ள விமானத்தை ஓட்டுனேன். கண்ணாடிக்கு வெளிய ஒரு சீலா மீனு கூடவே வருது. வலது றெக்கையால மேகத்தை ஒரு தள்ளு, இடது றெக்கையால ஒரு தள்ளு. தள்ளிக்கிட்டே போயித் தேவன்மேட்டுல விட்டேன். அங்க இன்னைக்கும் பெய்யுதே, அது உங்க மழை! நான் மட்டும் இல்லைன்னா உங்க உப்பு அத்தனையும் கரைஞ்சு கடலுக்குப் போயிருக்கும்."

சந்தனமாரி மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போன வருஷம் ஆடி பதினெட்டுதானே கேப்டன்? நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் பிறந்த நாளை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்."

வியாகப்பன் அந்தக் கொட்டகையில் எத்தனையோ மதியங்களைக் கழித்திருக்கிறார். ஆனால் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் என்ன தொங்குகிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே வரிசையாகப் பதினொரு கம்பிகள் தொங்கின. தவசிமுத்து தினமும் வேலை முடிந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கத்தில் அன்றைய காற்று, மழை, விளைச்சல், முக்கியமான சங்கதி ஏதாவது இருந்தால் அதையும் எழுதிக் கம்பியில் குத்திவிடுவார். வருஷத்துக்கு ஒரு கம்பி. எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் விடலாம் என்பதை அவர் யாரிடமும் கேட்பதில்லை. அந்தக் கம்பிகளைத்தான் கேட்பார்.

கனி எழுந்து போய்க் கடைசிக்கு முந்தின கம்பியை எடுத்தாள். தாள்களைத் தள்ளினாள். ஒன்றில் நிறுத்தி வாசித்தாள்.

"ஆடி பதினெட்டு. மழை இல்லை. மேகம் இல்லை. கச்சான்."

வியாகப்பன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "பாத்தீங்களா! எப்படி இருக்கும்? அதான் நான் தள்ளிட்டேன்லா! மழை இல்லைன்னு எழுதியிருக்கதுதான் சாட்சி. நீங்க பேனாவை எடுக்குததுக்குள்ள வேலையை முடிச்சிட்டேன். கையெழுத்தைப் போடுங்க அண்ணாச்சி, தேவன்மேடு!"

தவசிமுத்துவே அசந்துபோனார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு மாமா" என்றாள் கனி. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "'கேப்டன் வியாகப்பன் காலை பத்து மணிக்கு வந்தார். சாக்கு விரித்துப் படுத்தார். ஐந்தரை மணிக்குக் கொட்டகை பூட்ட எழுப்பினோம். குறட்டையால் கணக்குப் பார்க்க முடியவில்லை.'"

வியாகப்பன் வாயைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"அந்தச் சத்தம் குறட்டைன்னா நினைச்சீங்க?" என்றார் கடைசியில். "அது எஞ்சின்."

"எஞ்சினுக்கு எச்சி வடியாது" என்றாள் சந்தனமாரி. "அந்தச் சாக்கை நான்தான் அலசினேன்."

தவசிமுத்து மகளையும் பார்க்கவில்லை, கேப்டனையும் பார்க்கவில்லை. கம்பிகளைப் பார்த்தார். பதினொரு வருஷம் தன் கையாலேயே எழுதிய தாள்கள். ஒரு பாத்தியைத் திறக்க நூறு தாள் புரட்டுகிறவர், மகளை அனுப்ப ஒரு தொப்பியைக் கேட்டிருக்கிறார். காது மடல் சிவந்தது.

"நாப்பத்தொரு நாள்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னல்லா? அந்தக் காகிதத்தைக் கொண்டா."

கனி கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். மாதவாரியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். புழுதிக் காற்று இத்தனை நாள், மழை இத்தனை நாள், கடும் வெயிலால் மதியம் நிறுத்தியது இத்தனை நாள். எழுதிய கை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கையின் பழக்கம் தெரிந்தது.

"இவங்களும் கம்பில குத்தி வைக்குத ஆளுங்கதான்" என்றார். படிவத்தில் கனி 'செம்மண்பேட்டை' என்று எழுத, கீழே கையெழுத்துப் போட்டார். கனி படம் எடுத்து அனுப்பியபோது மணி நாலரை. வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை மூன்று பேரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்தது. கனி அப்படியே சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் ஒரு முறை துடைத்துக்கொண்டாள்.

"ஏதோ, உங்க இஷ்டம்" என்று வியாகப்பன் தொப்பியைச் சரிசெய்தார். "அந்தச் சூட்டுல இவ இறங்க முடியாமத் தவிக்கும்போது எனக்குத்தான் ஆளனுப்புவீங்க."

"அனுப்புதோம். ஃபிரிட்ஜோட வாங்க" என்றாள் சந்தனமாரி.

அவர் போன பிறகு தவசிமுத்து நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்தார். முழங்காலில் வைத்து நிதானமாக எழுதினார். எழுதியதை வழக்கம்போல ஒரு முறை சத்தமாக வாசித்தார்.

"மழை இல்லை. கச்சான். உப்பு நல்ல விளைச்சல். கனி செம்மண்பேட்டை. வியாகப்பன் இரண்டரை மணி முதல் நாலரை மணி வரை பறந்தார்."

கம்பியை நோக்கி அவர் கையைத் தூக்கும்போது சந்தனமாரி தடுத்தாள்.

"இறங்கிட்டாருன்னும் எழுதிருங்க அண்ணாச்சி. பொறவு யாராவது தேடப் போறாங்க."