வெந்நீருக்குக் காசில்லை

முன்னொரு காலத்திலே, எந்த நாடென்று எவரும் கேட்டுவைக்காத ஒரு நாட்டிலே, கூத்தபிரான் என்னும் அரசவை விகடகவி இருந்தார். எந்தச் சொல்லையும் பிரித்துப் பாராமல் அவரால் இருக்க முடியாது. தெருவிலே ஒருவர் 'ஆமணக்கெண்ணெய்' என்று கூவிச் சென்றால், "எள்ளின் நெய்யன்றோ எண்ணெய்? ஆமணக்குக்குள் எள் எப்படி ஐயா புகுந்தது?" என்று வழிமறிப்பார். எண்ணெய்க்காரர்கள் அவரைக் கண்டாலே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்நகரத்து ஊருணி தூர்ந்து கிடந்தது. அமைச்சர் மழவராயர் தம் செலவிலே அதனைத் தூர்வாரிக் கற்படி கட்டினார். அகமகிழ்ந்த மன்னர் சற்றும் யோசியாமல் முரசறைவித்தார்: "ஊருணியில் தண்ணீர் எடுப்போர், குடத்துக்கு ஒரு காசு மழவராயருக்குக் கொடுக்கக் கடவர்."

மழவராயரோ, ஊர்க் கிணறுகள் யாவும் பழுது என்று சொல்லி, அவற்றைக் கல்லிட்டு மூடுவித்தார். மக்களுக்கு வேறு வழியில்லை என்றானதும், அவர் கணக்கிலே குடம் சுருங்கத் தொடங்கியது. பூவாயி என்பவள், காய்ச்சலில் கிடந்த மகளுக்காகச் சிறு செம்பொன்றில் நீர் மொண்டாள். அதற்கும் குடக்காசு கேட்டார் மழவராயர்.

"ஏஞ் சாமி, இதுவா கொடம்? என் கையே உள்ள போவாதே!"

"கழுத்தும் வயிறும் உள்ளது குடம். முரசிலே பெரிய குடம் என்று சொல்லவில்லை."

"நல்லவேள, எனக்கும் அது ரெண்டும் இருக்கு. என்னையும் கொடம்னு சொல்லாம விட்டீங்களே!"

பக்கத்தில் நின்றிருந்த கூத்தபிரானுக்குச் சிரிப்பு வந்தது; வெறுஞ்செம்போடு அவள் திரும்பியதைக் கண்டதும் அது போய்விட்டது. நேரே அரசவைக்குச் சென்று முறையிட்டார்.

"கொடுத்த சொல்லை மீட்பது எங்ஙனம்?" என்று மன்னர் தயங்கினார்.

கூத்தபிரான்மீது நெடுநாளாய்ப் பொருமிக்கொண்டிருந்த மழவராயர் எழுந்தார். "மன்னவா, கூத்தபிரானையே கண்காணியாக்குங்கள். முரசின் சொல்லில் ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல் இவ்வழக்கைத் தீர்க்கட்டும். இயலாவிடில் அவையைவிட்டு நீங்கட்டும்."

"நன்று. கூத்தபிரானே, இனி நீரே நீர்க்கண்காணி!" என்றார் மன்னர்.

"சொல்லை உள்ளபடியே கொள்ள வேண்டும் அல்லவா, அமைச்சரே?"

"எழுத்துப் பிசகாமல்!" என்றார் மழவராயர்.

மறுநாள் சித்திரை வெயில் உச்சியில் நின்றது. கூத்தபிரான் சொல்லியனுப்பியபடி ஊரே குடத்தோடு திரண்டு, கற்படியோரத்து ஆழமில்லா நீரை மொண்டது. ஒருவரும் காசு கொடுக்கவில்லை. மழவராயர் மன்னரை அழைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அமைச்சரே, பூவாயியின் செம்பில் கையை வையுங்கள்" என்றார் கூத்தபிரான்.

மழவராயர் விரல் நுனியை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சுடுகிறது!"

"தண்மையுடைய நீர் தண்ணீர். சுடுவது வெந்நீர். வெந்நீருக்குக் காசென்று முரசு சொல்லவில்லையே."

"இதென்ன கூத்து! குளத்து நீரைத் தண்ணீர் என்றுதானே உலகம் வழங்குகிறது?"

"செம்பைக் குடமென்று எந்த உலகம் வழங்குகிறது?"

மழவராயர், "மாலையில் இது ஆறிவிடுமே!" என்று முனகினார்.

"ஆறட்டும். அவரவர் வீட்டு நிழலில் ஆறிய தண்மைக்கு அவரவரே உரியவர்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஊருணி இனி உமக்கே பரிசு, கூத்தபிரானே! விரும்பிய காசு வாங்கிக்கொள்ளும்."

பூவாயியின் முகம் சுருங்கியதைக் கூத்தபிரான் பார்த்தார்.

"ஊர் உண்பதனால் அன்றோ மன்னவா, அது ஊருணி? எனக்கு வேண்டாம். மழவராயர் கல் பதித்த செலவை அரண்மனை கொடுத்துவிடட்டும். அது அவருடைய நியாயமான உரிமை."

"சரி, உமக்கு?"

"கடப்பாரை ஒன்று போதும்," என்றார் கூத்தபிரான். "மூடிய கிணறுகளைத் திறக்கப் போகிறேன்."