ஆறு மணி பத்து நிமிஷம்

"அரசு வக்கீலுக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை" என்று வக்கீல் சங்க விழாவில் ஒரு பெரியவர் பேசினார். அதோடு இன்னொரு வரியும் சொன்னார். அது இப்போது யாருக்கும் நினைவில்லை.

விழா சண்முகவடிவு அம்மாவுக்காக. மாவட்டத்திலேயே கொலை வழக்கு நடத்திய முதல் பெண் அரசு வக்கீல் அவர்.

அவர் பணியில் இருந்தபோது ஒரு நாள் காலை, அவருடைய ஜூனியர் ஜெபராஜ் சாட்சி மாடத்தியை அவர் அறைக்கு அழைத்து வந்தான். மாடத்தியின் மகனைக் குத்திக் கொன்றதாகக் கொம்பையா மேல் வழக்கு. இன்னும் அரை மணி நேரத்தில் கோர்ட்டு கூடும்.

"என்ன பார்த்தே, சொல்லு தாயி."

"சாயந்தரம் ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கொம்பையா கத்தியோட எங்க வீட்டுலேருந்து ஓடினான்."

"கிளி நல்லாப் பேசுது. யாரு வளர்ப்பு?"

ஜெபராஜ் சிரிக்கவில்லை.

அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இப்ப மணி என்ன?"

மாடத்தி முள்ளைப் பார்த்தாள். ஜெபராஜைப் பார்த்தாள்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதும்மா."

"சரி. அவன் ஓடுனப்ப நீ எங்க நின்னே?"

"குழாயடியில. தெருவிளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. அந்த வெளிச்சத்துலதான் முதுகு தெரிஞ்சுது."

"முகம்?"

"முதுகுதான். ஆனா அவன்தாம்மா."

மாடத்தியை வெளியே உட்காரச் சொன்னார் அம்மா.

"அந்தத் தெருவுல விளக்கு எப்பப் போடுறாங்க?"

"ஆறரைக்கு, மேடம்."

"ஆறரைக்குக் கொம்பையா எங்க இருந்தான்?"

"மில் கேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கான். ரெண்டு மைல் தள்ளி." ஜெபராஜின் குரல் இறங்கியது. "ஆறு பத்துன்னு சொன்னாத்தான் மேடம் கேஸ் நிக்கும். கொன்னது அவன்தான். ஊருக்கே தெரியும்."

"ஊரைக் கூண்டுல ஏத்திருவியா?"

"மகனைப் பறிகொடுத்தவ. ஒரு இருபது நிமிஷம்தானே?"

அம்மா கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டார்.

"என் முதல் கொலை கேஸ்ல நானும் ஒருத்திக்கு நேரம் சொல்லிக் கொடுத்தேன். 'சமையக்காரி வந்துட்டா'ன்னு எதிர் வக்கீல் என் காதுபடப் பேசினான். நான் ஜெயிச்சே ஆகணும்னு இருந்தேன்."

"ஜெயிச்சீங்களா?"

"பேப்பர்ல என் படத்தைப் போட்டாங்க. உள்ள போனவன் எட்டாவது வருஷம் ஜெயில்லயே செத்தான்."

"அவன் குத்தவாளிதானே மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியை நான்தான் அடைச்சேன்."

வராந்தாவில் டவாலி வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்.

ஜெபராஜ் வெளியே போய், மணியைச் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்று மாடத்தியிடம் சொன்னான்.