கடைசி ஆளின் பதில்

“இன்னைக்காவது என்னை மேல போக விடுவீங்களா?” என்று பொன்னுரங்கம் கேட்டான்.

வஞ்சியம்மை வெங்காயக் கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் உரிக்க ஆரம்பித்தான்.

கூதல்மலையின் அடியில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு அடுப்பு, மலை ஏற வருகிறவர்கள் படுத்து எழ ஒரு கூடம். அவ்வளவுதான். அதை நடத்துகிற வஞ்சியம்மைக்குப் பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயதாவது குறைவு. அவளை ஏன் குரு என்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் சிரிப்பாள். இன்னொரு முறை கேட்டால் வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கும்.

பொன்னுரங்கம் மூட்டை மூட்டையாக உரித்திருந்தான்.

வந்த புதிதில் அவன் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவன் போயிட்டான். நான் எதுக்குங்க இருக்கறேன்?”

காலையில் கேட்பான். சாப்பிடும்போது கேட்பான். மற்றவர்கள் இலையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். துக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன யாருக்குப் பிடிக்கும்?

அம்மை மட்டும் நகரவில்லை. பதிலும் சொல்லவில்லை.

‘அவன்’ என்றால் நாச்சிமுத்து. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதன். கனத்த உடம்பு. எங்கே போனாலும் பிந்தி வருகிறவன். கல்யாணப் பந்திக்கு மட்டும் முந்திக்கொள்வான். அவன், பொன்னுரங்கம், இன்னும் இரண்டு சிநேகிதர்கள் என்று நான்கு பேராகத்தான் போன வருஷம் இந்த மலையை ஏறினார்கள்.

கூதல்மலை லேசுப்பட்ட மலை இல்லை. பாதி வழிக்கு மேலே மூடுபனி. முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, “கடைசீ?” என்று கூப்பிடுவார். கடைசியில் வருகிறவர், “இருக்கறேன்!” என்று குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் எல்லோரும் நகர்வார்கள்.

அன்றைக்குக் கடைசியில் வந்தவன் நாச்சிமுத்து. அவனுக்கு முன்னால் பொன்னுரங்கம்.

“மாப்ளே, மூச்சு வாங்குது. கத்த முடியல. நீயே சொல்லிப்போடு,” என்றான் நாச்சிமுத்து.

பொன்னுரங்கம் சொன்னான். சிநேகிதனுக்கு இதுகூடச் செய்ய மாட்டானா? அடுத்த திருப்பத்திலும் சொன்னான். அதற்கடுத்ததிலும் சொன்னான். பிறகு யாரும் கேட்டுக்கொள்ளாமலே, திரும்பிப் பார்க்காமலே, மேலேயிருந்து கூப்பிட்டால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உச்சிக்குப் போனபோது நாச்சிமுத்து இல்லை.

மறுநாள் வழுக்குப்பாறைத் திருப்பத்துக்குக் கீழே அவனைக் கண்டெடுத்தார்கள். அந்தத் திருப்பத்தைத் தாண்டிய பிறகும் பொன்னுரங்கம் எத்தனையோ முறை ‘இருக்கறேன்’ என்று சொல்லியிருந்தான்.

உடனே தேடிப் போயிருந்தால் உயிர் இருந்திருக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, தெரியவில்லை.

மற்ற இரண்டு சிநேகிதர்களும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை. பார்க்கவும் வரவில்லை.

இப்படித்தான் அவன் மடத்துக்கு வந்து சேர்ந்தான்.

கொஞ்ச நாளாக அந்தப் பழைய கேள்வி நின்றுபோயிருந்தது. மேலே போக வேண்டும் என்று மட்டும் கேட்டான். முகம் அமைதியாக இருந்தது. மனசு தேறிவிட்டது என்று மடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட ஆரம்பித்தார்கள்.

அவன் உரித்த வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்த அம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

“பழைய கேள்வி என்னாச்சுங்க?”

“அது எதுக்குங்க இனி.”

“பதில் கெடச்சிருச்சா?”

“கேக்க வேண்டியதில்லைன்னு ஆயிருச்சுங்க.”

அம்மை கூடத்து மூலையைப் பார்த்தாள். அவன் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது.

“உங்க கம்பளி எங்க?”

“நேத்து வந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டனுங்க.”

“கைக்கடிகாரம்?”

“அதையுந்தானுங்க.”

“மேல குளிருமே.”

“போறப்பக் குளுராதுங்க.”

“வர்றப்ப?”

பொன்னுரங்கம் கையிலிருந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. பழியைப் போட வெங்காயம் வசதியான சாமான்.

அம்மை கத்தியை மறுபடி எடுத்தாள்.

“நாளைக்குக் காலையில ஒரு கூட்டம் ஏறுது. வழி காட்ட நான் முன்னால போறேன். நீங்களும் வாங்க,” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். “நெசமாவா?”

“நீங்கதான் கடைசி.”

அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. “அம்மா, அது மட்டும் வேண்டாமுங்க. நடுவுல எங்கயாச்சும் வர்றனுங்க.”

“நடுவுல எடமில்ல.”

அவன் யோசித்தான். கடைசியில் வருகிறவனை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“சரிங்க,” என்றான்.

அம்மை தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவள் அப்படி மறந்ததை மடத்தில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

வந்த கூட்டமும் சிநேகிதர்கள் கூட்டம்தான். ஒரே ஊர்க்காரர்கள். அதில் பொன்னுரங்கத்துக்கு முன்னால் நடந்தவன் பெயர் அர்த்தநாரி. பாத்திரக்கடை வைத்திருப்பவன். அவனுக்கு மூச்சும் பேச்சும் ஒன்று, இரண்டும் நிற்பதில்லை.

“எம் பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கறானுங்க அண்ணா. நான் தூக்குனா மட்டும் வீல்னு கத்தறான். இந்த மீசைதான் காரணம்ங்கறா என் ஊட்டுக்காரி. எடுத்துப்போடலாமுங்களா?”

பொன்னுரங்கம் அடுத்த கல்லில் கம்பை ஊன்றினான்.

“இருவது வருச மீசைங்க.”

பொன்னுரங்கம் தலை நிமிராமல் நடந்தான்.

“சரி, இதயாச்சும் தின்னுங்க.” அர்த்தநாரி ஒரு கடலை மிட்டாயைப் பின்னால் நீட்டினான். பொன்னுரங்கம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தின்னப்போவதில்லை என்றாலும், நீட்டிய கையை எப்படித் தட்டுவது?

முதல் திருப்பத்தில் அம்மையின் குரல் வந்தது.

“கடைசீ?”

“இருக்கறேன்,” என்றான் பொன்னுரங்கம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னான். பொய் சொல்கிறோம் என்றே ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தோன்றியது.

பனி இறங்கியது. தூறலும் சேர்ந்துகொண்டது. அர்த்தநாரியின் முதுகு மங்கலாகி, பிறகு அவன் பேச்சு மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வழுக்குப்பாறை வந்தது.

பொன்னுரங்கம் நின்றுவிட்டான்.

ஊன்றி வந்த கம்பைப் பாறையில் சாத்தி வைத்தான். பின்னால் வருகிற எவருக்காவது ஆகும். கீழே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது.

அவனுக்குப் பயமாக இல்லை. களைப்பாக இருந்தது. ஒரு வருஷமாகத் தூங்காதவனுக்குப் பாயைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

“வந்துட்டேன் மாப்ளே,” என்று மெல்லச் சொன்னான்.

“கடைசீ?”

மேலேயிருந்து குரல். அவன் வாயைத் திறக்கவில்லை.

“கடைசீ?”

பேச்சு நின்றது. காலடிகள் நின்றன. தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க, அம்மை கல்லு மேல உக்காந்துட்டாங்க!” என்று யாரோ சொன்னார்கள்.

“பதில் வராம ஒரு அடி வைக்க மாட்டாங்களாமா.”

“யாருப்பா அது கடைசில? சொல்லித் தொலைங்க. கை காலெல்லாம் வெறைக்குது!”

பொன்னுரங்கம் அசையவில்லை. கொஞ்ச நேரம் கத்துவார்கள். பிறகு அலுத்துப்போய் நடப்பார்கள். மனிதர்கள் அப்படித்தான், அவனுக்குத் தெரியும்.

அப்போது பக்கத்தில் காலடி கேட்டது. நாலு எட்டு மேலே, பனிக்குள்ளிருந்து அர்த்தநாரியின் குரல் வந்தது. ரகசியம் பேசுவது போல, இரக்கமாக.

“அண்ணா, மூச்சு வாங்குதுங்களா? பரவால்ல, நீங்க கத்த வேண்டாம். மெதுவா வாங்க. நானே சொல்லிப்போடறேன்.”

சொல்லிவிட்டு மேல்பக்கம் திரும்பினான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

பொன்னுரங்கத்துக்கு அவன் முகம் முழுதாகத் தெரியவில்லை. நனைந்த மீசையும் அதற்குக் கீழே திறந்த வாயும்தான் தெரிந்தன.

அந்த நாலு எட்டையும் எப்படி ஏறினானோ, அவனுக்கே தெரியாது. வழுக்கி, முழங்கால் கிழிந்து, எழுந்து, ஓடிப்போய் அர்த்தநாரியின் வாயை உள்ளங்கையால் பொத்தினான்.

“நீ சொல்லாத,” என்றான். “சாமி, நீ மட்டும் சொல்லாத.”

அர்த்தநாரி மிரண்டுபோய்ப் பார்த்தான்.

“பேரனைத் தூக்கோணுமில்ல நீ,” என்றான் பொன்னுரங்கம். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. “சொல்லாத சாமி. சொல்லாத.”

“கடைசீ?”

அம்மையின் குரலும் உடைந்திருந்தது.

பொன்னுரங்கம் கையை எடுக்காமலே திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். நின்று, நன்றாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

அங்கே யாரும் இல்லை. பாறையில் சாத்திய கம்பு மட்டும் இருந்தது.

“இருக்கறேன்,” என்றான்.

“கேக்கல. இன்னும் சத்தமா,” என்றாள் அம்மை.