சுத்துங்க முதலாளி

ஜெசிந்தாவின் மீட்புப் படகுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்று கடலில் சறுக்குபவர்கள் யாராவது காற்றில் இழுபட்டு ஆழத்தில் விழுந்துவிட்டால், படகு வேகமாகப் போகும். ஆனால் கிட்டே போகாது. கயிறு எறியும் தூரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும். விழுந்தவர் தன் பட்டத்தின் நூலை, கையில் பிடித்திருக்கும் கட்டையில் சுற்றி முடிக்க வேண்டும். அதன்பிறகுதான் அவரைத் தூக்குவார்கள்.

மாசிலாமணிக்கு இது பிடிக்கவில்லை. அவர் மதுரையில் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். மீட்பு வேலை கற்றுக்கொள்ள அவளிடம் வந்திருந்தார். வயதில் மூத்தவர்தான். இருந்தாலும் மற்றவர்களைப்போல அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

“டீச்சர், தண்ணி குடிச்சுத் தவிக்கிற மனுஷனை எதுக்கு வேலை வாங்குறீங்க?”

ஜெசிந்தா பெட்ரோல் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு நீங்க படகை ஓட்டுங்க, அண்ணே” என்றாள்.

மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. அதுவரை கரையைப் பார்த்து வீசியது, இப்போது கரையிலிருந்து கடலுக்குள் வீசியது. எல்லோரும் பட்டங்களை இறக்கிவிட்டார்கள். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவம் மட்டும் இன்னும் ஒரு சுற்று என்று போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மஞ்சள் பட்டம் தொலைவில் தண்ணீரில் விழுந்தது. மறுபடி எழவில்லை.

மாசிலாமணி படகை விரட்டினார். நல்லசிவத்தின் தலை அலைக்குமேல் தெரிந்தது, மறைந்தது. ஒரு கை மட்டும் ஆடியது.

“எஞ்சினை நிறுத்துங்க” என்றாள் ஜெசிந்தா.

அவர் நிறுத்தவில்லை. நேராகப் போனார்.

எஞ்சின் ஒருமுறை இருமி அடங்கியது. தண்ணீரில் கிடந்த நூல் எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒரு பக்கம் பட்டம். இன்னொரு பக்கம் மனிதன். நடுவில் படகு. பட்டம் காற்றை வாங்கிப் புடைத்து, படகையும் மனிதனையும் கடலுக்குள் இழுக்கத் தொடங்கியது.

மாசிலாமணி சட்டையைக் கழற்றினார். “நான் குதிக்கிறேன்.”

“குதிச்சா அவரைப் பிடிச்சிருவீங்க. படகை யார் பிடிக்கிறது? எஞ்சினைத் தூக்குங்க.”

அவர் எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினார். கத்தியை எடுத்து விசிறியில் வைத்தார். ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதை அறுக்காதீங்க. அந்தப் பக்கம் ஆள் இருக்காரு.”

கத்தியை வாங்கி, பட்டத்தின் பக்கம் போன நூல்களை மட்டும் அறுத்தாள். மஞ்சள் பட்டம் உருண்டு உருண்டு போனது.

“ஐயோ, புதுசுங்க” என்றார் தண்ணீரில் கிடந்தவர்.

“போகட்டுங்க” என்றாள். வாக்கிடாக்கியை எடுத்தாள். “மஞ்சள் கைட் ஒண்ணு தனியா போகுது. ஆள் எங்ககிட்ட இருக்காரு. யாரும் தேட வேண்டாம்.”

மாசிலாமணி நூலைப் பிடித்து இழுத்தார். தூண்டில் நரம்புபோல மெல்லிய நூல். உள்ளங்கையை அறுத்தது. ரத்தம் வந்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“விடுங்க அண்ணே. நீங்க இழுத்தா அவர் கை நின்னுபோகும்.”

“அவருக்குக் கையே வரலை, டீச்சர்.”

ஜெசிந்தா படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். “ஏங்க, கட்டை கையில இருக்கா?”

“இருக்குதுங்க.”

“நூலைச் சுத்துங்க. கடையில துணி சுத்துவீங்கல்ல, அப்படி.”

“அது பசங்க சுத்துவாங்கங்க.”

“இன்னைக்கு முதலாளி சுத்தட்டும்.”

நல்லசிவம் சுற்றப் பார்த்தார். காற்று படகைத் தள்ளியது. நூல் விறைத்து நின்றது. கட்டை அசையவில்லை. ஓர் அலை அவர் முகத்தில் அடித்தது.

“முடியலீங்க. விட்டுருங்க.”

மாசிலாமணி அவளைப் பார்த்தார். அவள் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அலை உங்களைத் தூக்குறப்போ நூல் தளரும். அப்போ ஒரு சுத்து. மத்த நேரம் சும்மா கிடங்க. அண்ணே, உங்க குரல் பெருசு. நீங்க சொல்லுங்க.”

மாசிலாமணி எழுந்து நின்றார். அலை வந்தது.

“இப்போ” என்றார்.

நல்லசிவம் ஒரு சுற்று சுற்றினார்.

கரை மெலிந்து கோடானது. மாசிலாமணியின் உள்ளங்கை ரத்தம் உப்பில் காய்ந்தது. “இப்போ” என்றார். “சும்மா கிடங்க.” மறுபடியும் “இப்போ.” ஓர் அலைக்கு நல்லசிவம் சுற்றவில்லை. அடுத்ததற்கும் சுற்றவில்லை. தலை சாய்ந்தது. மாசிலாமணியின் கால் விளிம்பில் ஏறியது.

“முதலாளி, கடையைச் சாத்தியாச்சா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

இன்னோர் அலை வந்து போனது.

“இல்லீங்க” என்றது தண்ணீர்.

“இப்போ” என்றார் மாசிலாமணி.

கட்டை திரும்பியது.

கடைசியில் படகின் பக்கத்தில் கட்டை வந்து தட்டியது. நூல் கொத்தாக அதில் சுற்றியிருந்தது. இருவரும் குனிந்து அவரைத் தூக்கிப் போட்டார்கள். விசிறியில் மிச்சமிருந்த நூலை அறுத்து இறக்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

திரும்பும் வழியில் நல்லசிவம் மாசிலாமணியின் செல்போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்ல அம்மிணி. காத்து இழுத்துட்டுப் போயிருச்சு. இவங்க படகும் நின்னுபோச்சு. அப்புறம் நானே நூலைச் சுத்திச் சுத்தி வந்து ஏறிட்டேன். அட, நெசமாத்தான். வர்ற மாசம் நீயும் வா, காட்டுறேன்.”

கரையில் அவர் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தங்கியிருந்த அறைக்கு நடந்தார்.

மாசிலாமணி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானே வந்து ஏறிட்டேனாம். காப்பாத்துனது நாம. ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க, டீச்சர்.”

ஜெசிந்தா விசிறியில் ஒட்டியிருந்த நூலைக் கத்திமுனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அவர் சொன்னதுல எது அண்ணே பொய்?”